பட்டறையும் வாரண்டியும்: நம் பள்ளத்தாக்கின் வண்டிக் கதை

பதிவு கொஞ்சம் நீளம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் ஒரு டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய கார் வாங்கினேன். மூன்று வயது வண்டி. முதல் உரிமையாளர் நம் பக்கத்து ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் நாலு நாள் குமுளி மலை ஏறி இறங்கியவர். மலையில் பனிமூட்டம் என்றால் சும்மா இல்லை, முன்னால் போகும் ஜீப்பின் பின்விளக்கு கூடத் தெரியாது. அதனால் முன்பக்கம் இரண்டு பெரிய மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தார். அவர் கட்டியிருந்த கூடுதல் வாரண்டியில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லித்தான் விலையில் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், நானும் கொடுத்தேன்.

எட்டாவது மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கோளாறு. ஸ்டியரிங் இரும்பு மாதிரி கனத்தது. இரண்டு நாள் கழித்து ஹெட்லைட் அணைந்து, பிளாஸ்டிக் கருகிய வாடை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன் (பெயர் வேண்டாம்). பானெட்டைத் திறந்த உடனே அங்கிருந்த தம்பி அந்த மஞ்சள் விளக்கைக் காட்டி, "வெளியில வேலை பார்த்திருக்கு சார். வாரண்டி முடிஞ்சது" என்றார். ஸ்டியரிங்குக்கு 36,000 ரூபாய், வொயரிங்குக்கு 8,000 ரூபாய் என்று மதிப்பீடு எழுதிக் கையில் கொடுத்தார்.

விளக்கு மாட்டினால் ஹெட்லைட் வொயரிங் போகலாம், சரி. ஸ்டியரிங் ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் இல்லையா, பதில் தேடப் போய் ஒரு நீண்ட கதைக்குள் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

*

நம் பள்ளத்தாக்கில் வண்டியை வாங்கியபடியே ஓட்டியவர்கள் குறைவு. காரணம் நிலம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பக்கம் மலைப்பாதை. மேலே ஏலத்தோட்டங்கள், கீழே வேலைக்குப் போகும் சனம். விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போஸல் வண்டி' என்பார்கள். இந்தச் சொல்லை என் அப்பா வாயில்தான் முதலில் கேட்டேன். 1945-ல் 'மகிந்திரா அண்ட் முகமது' என்று தொடங்கிய நிறுவனம், பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனபின், 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது அவர்கள்தான். அந்த ஜீப் பெட்ரோல் வண்டி. போர்க்களத்தில் நாலைந்து பேரைச் சுமக்கப் பிறந்தது.

நம் ஆட்கள் அதை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சேஸை வெட்டி நீட்டினார்கள். பின்னால் எதிரெதிர் பெஞ்சு போட்டார்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாதபோது இன்ஜினையே இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். அம்பாசடர் காருக்குள் மாட்டடார் வேனின் டீசல் இன்ஜினைப் பூட்டியதும் அதே கைகள்தான். கம்பெனியே பிறகு வழிக்கு வந்தது. 1980-களில் மகிந்திரா ஜீப்பில் பிரெஞ்சு பியூஜோ டீசல் இன்ஜின் வந்தபோது, "நாங்க எப்பவோ மாத்திட்டோமே" என்று பட்டறைக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் வாரண்டி என்ற பேச்சே எழவில்லை. லேத்துப் பட்டறைக்காரர் சொல்லும் சொல்தான் வாரண்டி. "ஆறு மாசத்துக்குள்ள போச்சுன்னா கொண்டாங்கண்ணே, காசு வாங்க மாட்டேன்" என்பார், அப்படியே நடந்துகொள்வார். ஊருக்குள் அவர் பெயர் கெட்டால் அடுத்த வண்டி அந்தப் பட்டறைக்கு வராது. 2010 கடைசியில் மதுரை – போடி ரயில் நின்றுபோய், 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் நம் மக்களைச் சுமந்தது பஸ்ஸும், இந்தப் பட்டறைகள் உயிர் கொடுத்த வண்டிகளும்தான்.

*

சரி, காகிதத்தில் அச்சடித்த வாரண்டி எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். வெள்ளைக்காரன் 1893-ல் தன் ஊரில் போட்டதைத் தழுவியது. அதில் 'நிபந்தனை' வேறு, 'உத்தரவாதம்' வேறு. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே திருப்பிவிடலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்டஈடுதான் கேட்க முடியும், பொருளைத் திருப்ப முடியாது. வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டத்தின் பொதுப் புத்தி.

இந்தப் புத்தி முதலில் நன்றாக அடிவாங்கியது அமெரிக்காவில். 1955-ல் ஒருவர் மனைவிக்காக பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில் அந்த அம்மா ஓட்டிப் போகும்போது ஸ்டியரிங்கில் ஏதோ உடைந்து, வண்டி திரும்பிச் சுவரில் மோதியது. கம்பெனி ஒப்பந்தத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டியது: 90 நாள் அல்லது 4,000 மைல், அதுவும் பழுதான பாகத்தை மாற்றித் தருவது மட்டுமே, வேறு பொறுப்பு கிடையாது. ஹென்னிங்சன் வழக்கு என்று இதற்குப் பெயர். 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், எல்லாக் கம்பெனியும் ஒரே அச்சுக் காகிதத்தை நீட்டும்போது வாங்குபவனுக்குப் பேரம் பேச இடமேது என்று கேட்டு, அந்தப் பொடி எழுத்து செல்லாது என்றது.

1975-ல் அமெரிக்காவில் வாரண்டிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், எங்களிடம்தான் பழுதுபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை என்று கம்பெனி கட்டிப்போட முடியாது. அப்படிச் சொல்வதானால் அந்தப் பாகத்தையும் வேலையையும் இலவசமாகத் தர வேண்டும், அல்லது அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே அப்போது காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். கிடைத்தாலே போதும் என்றிருந்தவன் வாரண்டி பற்றி என்ன பேசுவான்? 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வக்கீல் இல்லாமலேயே போய் நின்று கேட்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் உண்டாயிற்று.

அதற்காக நீதிமன்றங்கள் எப்போதும் வாங்கியவன் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மாருதி கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டிக் காகிதம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, புதுக் கார் தருவதாகச் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

இப்போது மாற்றம் செய்வது பற்றிய சட்டம். இங்கே பலரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, அந்த மாற்றம் சட்டப்படி சரியா என்பது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு இதைப் பேசுகிறது. முதலில் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஒப்புதல் பெற்றால் மாற்றலாம் என்று இருந்தது. 2000-ல் திருத்தினார்கள்: ஆர்.சி. விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. எல்.பி.ஜி., சி.என்.ஜி. போன்ற எரிபொருளுக்கு அங்கீகரித்த கிட் பொருத்துவதற்கு மட்டும் வழி விட்டார்கள். பக்கத்துக் கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் தாராளமான விளக்கத்தைத் தள்ளிவிட்டு, தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றவே முடியாது என்று உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்றாயிற்று. நீட்டிய சேஸும் இறக்கி ஏற்றிய இன்ஜினும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இரண்டாவது, மாற்றம் செய்ததால் வாரண்டி போய்விடுமா என்பது. இது வேறு கேள்வி. சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்தாலும் வாரண்டி போகலாம். விதிக்குப் பொருந்தாத ஒரு விளக்கு இருந்தும், அதற்குச் சம்பந்தமில்லாத பாகத்துக்கு வாரண்டி நிற்கலாம்.

இதில் நம் நாட்டில் பெரிய திருப்பம் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரால் வந்தது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரிபாகத்தை வெளிச்சந்தையில் விற்பதில்லை, வெளி மெக்கானிக்குக் கருவியும் கையேடும் கொடுப்பதில்லை, வெளியே போனால் வாரண்டி இல்லை என்று மிரட்டுகிறார்கள் என்பது புகார். மூன்று கம்பெனி மேல் தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டார்கள். கம்பெனிகள் விடவில்லை, மேலே போனார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தன் முன் வந்தவர்களுக்கு அபராதத் தொகையைக் குறைத்தது. ஆனால் நடந்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை. வழக்கு அதற்கும் மேலே போனது.

அபராதத்தை விட நமக்கு முக்கியமானது அந்த உத்தரவில் இருக்கும் ஒரு கருத்து. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஆனதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். பழுதுபார்ப்பு பற்றிய உத்தரவுதான் இது, கூடுதல் விளக்கு மாட்டுவது பற்றி நேராகப் பேசவில்லை. ஆனாலும் 'எந்த அளவுக்கோ அந்த அளவுக்கு' என்ற நியாயம் இரண்டுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்சூரன்ஸ் வழக்குகளிலும் இந்த நியாயம் உண்டு. சொந்த உபயோகத்துக்கு இன்சூர் செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டினார்கள், அது பறிபோனது. விதியை மீறினாய், ஒரு பைசா கிடையாது என்றது கம்பெனி. 2008-ல் நிதின் கண்டேல்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி 75 சதவீதம் கொடுக்க வைத்தது.

*

இனி என் வண்டிக்கு வருகிறேன்.

கம்பத்தில் என் பழைய மாணவன் ஒருவன் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் வரலாற்றில் 38 மார்க் வாங்கியவன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு அவன் எனக்குப் பாடம் நடத்தினான். "சார், இந்த விளக்குக்கு ஹெட்லைட் லைன்லயே ஒயரை உரிச்சுக் கரண்ட் எடுத்திருக்காங்க. ரிலே போடலை. அந்த லைன் சூடாகிக் கருகிடுச்சு. இது நம்ம தப்பு, கேக்காதீங்க. ஸ்டியரிங் மோட்டாருக்கு பேட்டரியில இருந்து தனி லைன், தனி ஃபியூஸ். அந்த ஃபியூஸ் நல்லா இருக்கு. ஸ்கேனர்ல சென்சார் கோளாறுன்னு காட்டுது. இது அவங்க தரணும்."

அவன் சொன்னதை அப்படியே கடிதமாக எழுதினேன். ஸ்டியரிங் பழுதுக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் தாருங்கள், இல்லாவிட்டால் வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்று கேட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சர்வீஸ் சென்டருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதிந்தேன். ஐந்து வாரம் பதில் இல்லை. என் வீட்டம்மா, "அந்தக் காசைக் கட்டிட்டு வாங்க, பெரியகுளம் கல்யாணத்துக்குப் போகணும்" என்று சொல்லியாயிற்று. ஏழாவது வாரம் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் வந்தார். அரை மணி நேரம் பார்த்தார். அதிகம் பேசவில்லை. ஸ்டியரிங் வாரண்டியில் மாறியது. வொயரிங்குக்கு 8,000 ரூபாய் நான் கட்டினேன். அது நியாயம் என்பதால் முனகாமல் கட்டினேன்.

நான் ஜெயித்த கதை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி வாங்கியதும் கூடுதல் வாரண்டியை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னவனும் இதே மாணவன்தான். ஆர்.சி. மாறினால் அதுவும் தானாக மாறிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். மாறாது. அந்தக் காகிதம் மட்டும் இல்லையென்றால் என் கடிதத்தை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

அதே வருடம் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவருக்கு நடந்தது வேறு. கூலிக்கு ஜீப் ஓட்டியவர், கடன் வாங்கி இரண்டு வயதுப் பிக்கப் வண்டி எடுத்தார். அதில் முதல் உரிமையாளர் பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டு, உரிய எடைக்கு மேல் ஏற்றும்படி தூக்கி வைத்திருந்தார். ஐந்து மாதத்தில் பின் ஆக்ஸில் போனது. வாரண்டி மறுத்துவிட்டார்கள். "பட்டை நான் போடலையே சார், வாங்கும்போதே இருந்துச்சு" என்று என்னிடம் வந்து நின்றார். நானும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். வாடகை வண்டி என்றாலும் சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். 1995-ல் கோவை பி.எஸ்.ஜி. சம்பந்தப்பட்ட லட்சுமி எஞ்சினியரிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஆட்டோக்காரரை உதாரணம் காட்டி இதைச் சொல்லிவிட்டது. ஆகவே புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கூடுதல் பட்டைக்கும் அதிக பாரத்துக்கும் ஆக்ஸில் உடைந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? வண்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு மறுபடி கூலிக்கு ஜீப் ஓட்டுகிறார். காலை நாலரை மணிக்கு எங்கள் தெருவில் முதலில் எரியும் விளக்கு அவர் வீட்டு விளக்குதான். அவருக்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அவரும் ஏமாற்றவில்லை, நானும் ஏமாற்றவில்லை. இரண்டு பேருமே பிறர் செய்த மாற்றத்தைக் காசு கொடுத்து வாங்கினோம். ஊருக்கு வரலாறு இருப்பதுபோல் வண்டிக்கும் உண்டு. வாங்குபவன் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். பழைய பட்டறைக்காரருக்கு அந்த வரலாறு மனப்பாடம். இன்றைய கம்பெனிக்கு அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. நடுவில் நிற்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

*

ஆகவே சில வார்த்தைகள், வாத்தியார் புத்தியில்.

வாங்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். கூடுதல் விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி, பெரிய டயர், கூடுதல் பட்டை எது இருந்தாலும் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் சர்வீஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். 29, 30 படிவங்களைக் கொடுத்து ஆர்.சி.யை மாற்றும்போதே வாரண்டியையும் இன்சூரன்சையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய வண்டி விற்கும் கடைக்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

வாரண்டி இல்லை என்று சொன்னால், எந்தப் பாகம், எந்த மாற்றத்தால், எப்படிப் போனது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வது எளிது, எழுதுவதற்கு யோசிக்க வேண்டும். பழுதான பாகத்தை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. போகும்போது நம் தப்பு எது என்பதை நாமே முதலில் ஒப்புக்கொண்டால் மற்றதற்கு மதிப்பு கூடும். என் விஷயத்தில் அந்த 8,000 ரூபாய்தான் 36,000 ரூபாயைக் காப்பாற்றிக் கொடுத்தது.

மஞ்சள் விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கழற்றிவிட்டேன். ஐப்பசி மாதத்தில் குமுளிக்கு ராத்திரிப் பயணம் போவதையும் நிறுத்திவிட்டேன்.

உங்கள் வீட்டில், உங்கள் ஊர்ப் பட்டறையில் இப்படிக் கதை இருந்தால் கீழே எழுதுங்கள். முக்கியமாக, நீட்டிய ஜீப்பின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். அவற்றைச் செய்த கைகளின் பெயர் எந்த ஆர்.சி. புக்கிலும் இல்லை. இங்கேயாவது இருக்கட்டும்.